கிளுவை வேலியில் யாருக்குப் பங்கு?

கேள்வி: எங்கள் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் நடுவில் 300 அடி நீளத்துக்கு மாமனார் காலத்துக் கிளுவை வேலி இருக்கிறது. பக்கத்துத் தோட்டம் என் கணவரின் பெரியப்பா மகனுடையது. வேலி தன் பூமியைத் தின்றுவிட்டது, பிடுங்கிவிட்டுக் கல்கால் ஊன்றிக் கம்பி கட்டப்போகிறேன், பாதிச் செலவு கொடு என்கிறார். வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறார். என் 12 ஆடுகளுக்கு இந்த வேலித் தழை பெரிய உதவி. நான் என்ன செய்வது?
- ஒரு வாசகி, தாராபுரம் வட்டம்

பதில்: முதலில் பணம். பாகப்பத்திரத்திலோ வேறு எழுத்திலோ ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, பாதிச் செலவு கொடுத்தே ஆக வேண்டும் என்று அவர் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. தன் பூமிக்குக் கம்பி வேலி வேண்டுமென்றால் தன் எல்லைக்குள், தன் செலவில் போட்டுக்கொள்ளலாம். அதை நீங்களும் தடுக்க முடியாது.

இருக்கிற வேலியைப் பிடுங்கலாமா என்பது வேறு சங்கதி. கிளுவையின் தூர் யார் பூமியில் நிற்கிறதோ, வேலி அவருடையது. தூர் சரியாக எல்லைக்கோட்டில் நின்றால் இருவருக்கும் பொது; ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் அழிக்கக் கூடாது. மாமனார் நட்டார் என்பது மட்டும் போதாது. பங்காளிகள் என்பதால் இரண்டு தோட்டமும் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்திருக்கும். பாகப்பத்திரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். வேலி, கிணறு, வண்டிப்பாதை பற்றி அதில் ஒரு வரி இருந்தால் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

அவர் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. கிளுவை வேலி நகரும். பொந்து விழுந்த இடத்தில் புதுக் குச்சி ஊன்றும்போது யாரும் கோடு பார்த்து ஊன்றுவதில்லை. ஒரு பக்கம் மட்டும் வெட்டிக்கொண்டே வந்தால் மறுபக்கம் பரவும். 300 அடி வேலி 3 அடி உள்ளே போனால் 900 சதுர அடி. இரண்டு சென்ட்டுக்கும் மேல். வருடாவருடம் உழவு குறைவதைப் பார்க்கிறவருக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

அதனால் அரிவாளை எடுப்பதற்கு முன் அளக்க வேண்டும். பட்டா, புல எண், உட்பிரிவு எண்ணோடு இ-சேவை மையத்தில் நில அளவைக்கு விண்ணப்பித்துக் கட்டணம் கட்டுங்கள். சர்வேயர் புலப்படத்தை வைத்து அளந்து அத்துக் காட்டுவார். பட்டா வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் அன்று அவர் லீவு போட்டு வரட்டும். அண்ணன் தம்பி இருவரும் நின்று பார்த்தால்தான் பிறகு பேச்சு மாறாது. காட்டிய இடத்தில் அன்றைக்கே கல் நட்டுவிடுங்கள். அளவைக் கல்லைப் பராமரிப்பது, 1923-ஆம் ஆண்டு நில அளவை, எல்லைகள் சட்டப்படி பட்டாதாரரின் கடமை. அதைப் பிடுங்குவது குற்றம். இத்தனை வருடம் வேலி இங்கேதான் நின்றது, அனுபவ பாத்தியம் வந்துவிட்டது என்று யாராவது ஏற்றிவிடுவார்கள். அது உரிமையியல் நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் நிரூபிக்க வேண்டிய விஷயம். பங்காளிக்குள் அந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பது நல்லது.

தூர் உங்கள் பக்கம் இருந்தால் வேலி நிற்கட்டும். அவர் பக்கம் நீண்ட கிளைகளைக் கோடு வரை கழித்துவிடுங்கள். கேட்டும் நீங்கள் கழிக்காவிட்டால் அவரே கோடு வரை கழிக்கலாம், தூரைத் தொடக் கூடாது. களைக்கொல்லி அடிப்பதும் தீ வைப்பதும் போலீஸ் வரைக்கும் போகும். தூர் அவர் பக்கம் என்று வந்தால் பிடுங்கும் உரிமை அவருக்கு உண்டு. அப்போது ஒன்று கேளுங்கள்: வெட்டும் குச்சிகளை உங்களுக்குத் தரட்டும். உங்கள் எல்லையிலிருந்து 2 அடி உள்ளே தள்ளி ஊன்றிக்கொள்ளலாம். தழைத்த பிறகும் வேலி உங்கள் பூமிக்குள்ளேயே நிற்கும்.

பொது வேலி என்றால் ஆளுக்கு ஒரு பக்கம் கழிப்பது, பொந்து அடைக்கும் செலவு பாதிப் பாதி, தழை அவரவர் பக்கத்தது அவரவருக்கு என்று ஒரு தாளில் புல எண்ணோடு எழுதி, இரண்டு சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். சொந்தத்துக்குள் எழுத்து எதற்கு என்பார்கள். நாளைக்குப் பிள்ளைகள் கேட்கும்போது காட்ட வேண்டாமா?

குச்சி ஊன்றுவதாக இருந்தால் கிளுவை இலை உதிர்ந்து நிற்கும்போதே வெட்டி, மழைக்கு முன் ஊன்றிவிடுங்கள். துளிர் திடமாகும் வரை உங்கள் ஆடுகளை அந்தப் பக்கம் விட வேண்டாம். வேலியை முதலில் தின்பது அவைதான்.