அச்சம் எழுப்பிய சுவர்

மாணவர்கள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேசப்படத்தை விரித்து, வடக்கேயுள்ள பேரேரிகளின் பக்கம் நோக்குவார்களாயின், மிச்சிகன் மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி, டெற்றோயிற் என்னும் நகரைக் காண்பார்கள். மோட்டார்த் தொழிலின் தலைநகரென உலகம் போற்றிய ஊர் அது. 1914ஆம் ஆண்டில் ஹென்றி போர்ட் தம் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 5 டொலர் ஊதியம் தருவதாக அறிவித்தபின், எத்திசையிலிருந்தும் மக்கள் அதனை நாடி வந்தனர். தென் மாநிலங்களின் கொடுமைக்கு ஆற்றாத கறுப்பின மக்களும் அவ்வாறே வந்தனர். 1950ஆம் ஆண்டில் அந்நகரின் குடிசனத்தொகை 1,849,568. 2020ஆம் ஆண்டில் அது 639,111. பகைவர் குண்டு வீசினாரில்லை, பூமி அதிர்ந்ததுமில்லை. ஆயினும், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மக்கள் குறைந்துவிட்டனர். இஃது எவ்வாறு நிகழ்ந்தது?

"கறுப்பர் குடிவந்தனர், அதனால் வெள்ளையர் அகன்றனர்" என்று ஒரே வசனத்தில் விடை கூறுவோர் உளர். அகன்றது உண்மையே. ஏன் அகன்றனர் என்பதை அறிய விரும்புவோர், நகரின் வட எல்லையாகிய எட்டு மைல் வீதிக்கு அண்மையில் இன்றும் நிற்கும் ஒரு சுவரின் கதையைக் கேட்டல் வேண்டும்.

6 அடி உயரமும் ஓரடித் தடிப்பும் அரை மைல் நீளமும் கொண்ட அச்சீமெந்துச் சுவர் 1941ஆம் ஆண்டில் எழுந்தது. அப்பகுதியில் முன்னரே கறுப்பின மக்கள் குடியிருந்தனர். அவர்களுக்கு அயலிலே வெள்ளையருக்கென வீடுகள் அமைக்க ஒருவர் முற்பட்டார். அக்காலத்தில் வீட்டுக்கு வங்கிக் கடன் பெறுவோருக்குச் சமஷ்டி வீடமைப்பு நிர்வாகத்தின் உத்தரவாதம் பெருந்துணையாயிருந்தது. கறுப்பர் மிக அண்மையில் இருக்கின்றனர் என்று காரணங்காட்டி அந்நிர்வாகம் உத்தரவாதமளிக்க மறுத்தது. இடையிலே சுவர் எழுந்ததும் இசைந்தது!

கறுப்பர் குடிபுகுந்தால் வீட்டின் விலை விழும் என்பதே அந்நிர்வாகத்தின் கணக்கு. அரசாங்கமே அவ்வாறு கூறும்போது, வாழ்நாட் சேமிப்பெல்லாம் ஒரு வீட்டிலே முடங்கிக் கிடக்கும் தொழிலாளி அஞ்சாதிருப்பானா? பல வீடுகளின் உறுதிகளிலே, அவற்றைக் கறுப்பருக்கு விற்கலாகாது என்ற நிபந்தனையும் எழுதப்பட்டிருந்தது. அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றிக் கொடுக்கலாகாது என அமெரிக்க உயர் நீதிமன்றம் 1948ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. டெற்றோயிற்றைச் சேர்ந்த மக்கீ குடும்பத்தாரின் வழக்கும் அத்தீர்ப்பில் அடங்கியிருந்தது. பூட்டு உடைந்தது, அச்சம் உடையவில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பர். இங்கே பேயைக் காட்டிப் பணம் தேடியவர்களும் இருந்தனர். ஒரு தெருவிலே ஒரு கறுப்பினக் குடும்பம் குடிவந்ததும், வீட்டுத் தரகர்கள் ஏனைய வீடுகளின் கதவுகளைத் தட்டினர். இன்று விற்றால் இந்த விலை, நாளை இதுவும் கிடையாது என்று அச்சுறுத்தினர். வந்த விலைக்கு வெள்ளையர் விற்றனர். அதே வீட்டை, வேறிடம் வாங்க வழியற்றிருந்த கறுப்பருக்குத் தரகர்கள் கூடிய விலைக்கு விற்றனர். எல்லாரும் ஒருங்கே விற்க முனைந்தமையாலேயே விலை விழுந்தது. அச்சமே தான் அஞ்சியதை உண்டாக்கிற்று.

புதிய நெடுஞ்சாலைகளும் உத்தரவாதக் கடன்களும் வெள்ளையரைப் புறநகர்களுக்கு அழைத்தன. 1950க்கும் 1960க்கும் இடையில் மாத்திரம் நகரில் வெள்ளையர் தொகை மூன்றரை இலட்சத்துக்கு மேல் குறைந்தது. தொழிற்சாலைகளும் வெளியேறின. 1947 தொடக்கம் 1963 வரை நகரம் 134,000 உற்பத்தித் தொழில் வேலைகளை இழந்தது. வேலை சென்ற புறநகருக்குத் தானும் செல்ல விரும்பிய கறுப்பினத் தொழிலாளிக்கு அங்கே வீடு கொடுப்பாரில்லை.

1967ஆம் ஆண்டு யூலை மாதம் மூண்ட கலவரத்தில் 43 பேர் மாண்டனர். நகரின் வீழ்ச்சி அன்றுதான் தொடங்கியது எனப் பலர் எண்ணுவர். வரலாற்றாசிரியர் தோமஸ் சுக்ரூ 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, நோய் அதற்கு நெடுங்காலம் முன்னரே பற்றியதென நிறுவியுள்ளார். கலவரம் ஓட்டத்தை விரைவுபடுத்தியது என்பதே பொருந்தும்.

1974ஆம் ஆண்டில் இன்னொரு தீர்ப்பு வந்தது. டெற்றோயிற் பாடசாலைகளில் இரு இனப் பிள்ளைகளையும் ஒன்றுசேர்க்கும் திட்டத்திலே புறநகர்ப் பாடசாலைகளைக் கட்டாயமாக இணைக்கலாகாது என உயர் நீதிமன்ற நீதியரசர் ஒன்பதின்மருள் ஐவர் தீர்த்தனர். அதன்பின் நகர எல்லையே ஒரு சுவராயிற்று. அதனைத் தாண்டிச் சென்றோரின் வரிப்பணமும் உடன் சென்றது. எஞ்சிய ஏழைகளே பெருநகரின் செலவைத் தாங்கவேண்டியிருந்தது. விளக்கெரியாத வீதிகளையும் பாழ்வீடுகளையும் பொறுக்காது, வசதியுள்ள கறுப்பினக் குடும்பங்களும் பின்னர் வெளியேறின. 2013ஆம் ஆண்டில் நகரம் வங்குரோத்து நிலையை அடைந்தது. 2024ஆம் ஆண்டு மே மாதம் வெளியான மதிப்பீட்டிலேதான், 1957க்குப் பின் முதன்முறையாக, அதன் குடிசனத்தொகை சற்றே உயர்ந்தமை தெரியவந்தது.

எட்டு மைல் வீதிச் சுவரின் இருபுறத்திலும் பின்னாளில் கறுப்பினக் குடும்பங்களே வாழலாயின. அதன் ஒரு பகுதியிலே பல வண்ணச் சித்திரங்கள் தீட்டப்பட்டுள்ளன. எவரைப் பாதுகாக்க அது எழுந்ததோ, அவர்கள் அங்கில்லை.

இக்கதையிலே தரகரையும் அரசாங்கத்தையும் பழித்துவிட்டு அமைதல் எளிது. ஆயினும், கதவைத் தட்டிய தரகருக்கு, "விற்கமாட்டோம்" என்று ஒரு தெருவார் முழுவதும் விடையிறுத்திருப்பின், அத்தெருவிலே விலை விழுந்திருக்குமா என்பதையும் நாம் சிந்தித்தல் வேண்டும். அயலான் வருமுன்னே அவனைப் பற்றிய அச்சம் நம் வாயிலுக்கு வருமாயின், அவ்வச்சத்தால் இலாபமடைவோர் யாவர் என வினவுவதற்கு நம் பிள்ளைகளைப் பழக்குதல் நன்று.