லேபிளை மூடுங்க பாஸ்!

இந்த வாரம் கொஞ்சம் வித்தியாசமான ஒரு போட்டியைப் பார்ப்போம். கிரிக்கெட்டும் இல்லை, கல்ச்சுரல்ஸும் இல்லை. ஒயின் டேஸ்ட்டிங்!

மோதுறது யார் தெரியுமா? ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும். 1953-ல் ஆரம்பிச்ச போட்டி இது. லேபிள் காட்டாம 12 ஒயின் வரும். ஆறு வெள்ளை, ஆறு சிவப்பு. கலரைப் பார்த்து, மோந்து, ஒரு வாய் வெச்சுப் பார்த்து, என்ன திராட்சை, எந்த நாடு, எந்த ஏரியா, எந்த வருஷத்து அறுவடைன்னு எழுதணும். சரியா எழுதினா மார்க்!

உடனே 'குடிக்கச் சொல்லி எழுதறியா?'ன்னு சண்டைக்கு வராதீங்க. டேஸ்ட் பண்றவங்க முழுங்கறது இல்லை, துப்பிடுவாங்க. முழுங்கினா ஆறாவது கிளாஸுக்கு மூக்கும் நாக்கும் ஸ்ட்ரைக் பண்ணிடும். நான் சொல்ல வந்த விஷயமும் வேற.

சரி, பாட்டிலையே பார்க்காம எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? மேஜிக் எல்லாம் இல்லை. குளிர் பிரதேசத்துல திராட்சை மெதுவாப் பழுக்கும். புளிப்பு தங்கும், சர்க்கரை குறைவா இருக்கும். வெயில் ஊர்ல தலைகீழ். சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். அந்தச் சர்க்கரைதான் ஆல்கஹாலா மாறுது. அதனால வாயில எச்சில் ஊறினா குளிர் ஊரோன்னு ஒரு சந்தேகம், தொண்டையில சூடு தட்டினா வெயில் ஊரோன்னு ஒரு சந்தேகம். ஒரே திராட்சைதான். பிரான்ஸோட ரோன் பள்ளத்தாக்குல 'சிரா'. மிளகு வாசனை தூக்கலா இருக்கும். ஆஸ்திரேலியாவின் பரோஸா வெயில்ல அதுவே 'ஷிராஸ்'. கனிஞ்ச பழமா, கனமா மாறிடும்.

வாசனையும் காட்டிக் கொடுக்கும். சாவின்யோன் பிளாங்க்னு ஒரு திராட்சை. அதுல குடமிளகாய் வாசனை வரும். காரணம், ரெண்டுலயும் இருக்கறது ஒரே கெமிக்கல்! வருஷக்கணக்கா வெச்ச ரீஸ்லிங் ஒயின்ல மண்ணெண்ணெய் வாசனை அடிக்கும். 'மஸ்கட்' குடும்பம்னா ரோஜா வாசனை. நம்ம கம்பம் பன்னீர் திராட்சை அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். பேருக்கு முன்னாடி 'பன்னீர்' ஏன் ஒட்டிக்கிச்சுன்னு இப்போ புரியுதா?

இவ்வளவு தெரிஞ்சவங்களுக்கு லேபிளைக் காட்டினா என்ன குறைஞ்சிடும்? குறையும் பாஸ். காட்டின அடுத்த செகண்ட் நாக்கு லீவு போட்டுடும், மூளை கதை எழுத ஆரம்பிச்சுடும்.

நம்பலையா? 2001-ல் பிரான்ஸோட போர்டோ நகரத்துல நடந்த ஒரு ஆராய்ச்சி முடிவு வெளியாச்சு. ஒயின் பத்தியே படிக்கிற 54 மாணவர்கள். வெள்ளை ஒயின்ல வாசனையே இல்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தாங்க. பசங்க என்ன எழுதினாங்க? சிவப்பு ஒயினுக்குச் சொல்ற வார்த்தைகளையே எழுதினாங்க! கண்ணு சொன்னதை மூக்கு அப்படியே காப்பி அடிச்சிருக்கு. வெறும் கலருக்கே இந்த கதின்னா, பெரிய பேர் போட்ட லேபிளுக்கு?

அதுக்கு பதில் 1976-லேயே கிடைச்சிடுச்சு. மே 24, பாரிஸ். ஸ்டீவன் ஸ்பரியர்னு ஒரு ஒயின் வியாபாரி. இங்கிலாந்துக்காரர், கடை பாரிஸ்ல. பிரான்ஸ் ஒயினையும் கலிஃபோர்னியா ஒயினையும் கலந்து, பேரை மறைச்சு, ஒன்பது பிரெஞ்சு நிபுணர்கள்கிட்ட மார்க் போடச் சொன்னார். ஒயின்னாலே பிரான்ஸ்தான்னு உலகமே நம்பின காலம் அது. அமெரிக்கா ஜெயிக்கும்னு அவருக்கே நம்பிக்கை இல்லை.

ரிசல்ட்? வெள்ளையில ஃபர்ஸ்ட், ஷத்தோ மான்டெலீனா. சிவப்புல ஃபர்ஸ்ட், ஸ்டாக்ஸ் லீப். ரெண்டும் 1973 அறுவடை. ரெண்டுமே கலிஃபோர்னியா! ஸ்டாக்ஸ் லீப்பை உருவாக்கின வாரன் வினியார்ஸ்கி யார் தெரியுமா? சிகாகோ யுனிவர்சிட்டியில லெக்சரரா இருந்தவர். ஒயின் ஆசையில 1964-ல் அந்த வேலையை விட்டுட்டு, குடும்பத்தோட நாபா பள்ளத்தாக்குக்குக் கிளம்பினவர்.

இதுல எனக்கு மறக்கவே முடியாத சீன் இனிமேதான். நடுவர்கள்ல ஓடெட் கான்னு ஒரு ஒயின் பத்திரிகை ஆசிரியை. ரிசல்ட் வந்ததும் தன் மார்க் ஷீட்டைத் திருப்பிக் கேட்டாங்க. ஸ்பரியர் தரலை. அந்த அம்மாவைக் கிண்டல் பண்ணத் தோணுதா? எனக்குத் தோணலை. அவங்க நாக்கு நேர்மையாத்தான் மார்க் போட்டிருக்கு. லேபிள் தெரிஞ்ச பிறகுதான் சங்கடமே. அந்த இடத்துல நாம இருந்திருந்தா மட்டும் சிரிச்சுக்கிட்டே கை தட்டியிருப்போமா?

இன்னொண்ணும் சொல்லணும். லேபிளை மூடிட்டா மட்டும் எல்லாம் சரியாகிடாது. ராபர்ட் ஹாட்ஜ்சன்னு ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர், கலிஃபோர்னியா ஒயின் போட்டி நடுவர்களையே சோதிச்சு 2008-ல் கட்டுரை வெளியிட்டார். ஒரே பாட்டில் ஒயினை மூணு கிளாஸ்ல ஊத்தி, மத்த ஒயின்களுக்கு நடுவுல சொல்லாம வெச்சார். மூணுக்கும் கிட்டத்தட்ட ஒரே மார்க் போட்டவங்க பத்துல ஒருத்தர்தான்! அதனால, 'நான் போட்ட மார்க்தான் ஃபைனல்'னு யாரும் காலரைத் தூக்க வேண்டாம்.

இதை ஹாஸ்டல்லயே டெஸ்ட் பண்ணலாம். ஒயின் வேணாம், ரெண்டு கடை டீ போதும். 'எங்க கடை டீயை ஒரு சிப்புல கண்டுபிடிப்பேன்'னு சவால் விடற ஃப்ரெண்ட் எல்லா ரூம்லயும் ஒருத்தன் இருப்பான். அவனைப் பிடிச்சு உட்கார வைங்க. மூணு டம்ளர். ரெண்டுல ஒரு கடை டீ, ஒண்ணுல இன்னொரு கடை டீ. சூடு ஒரே அளவா இருக்கணும். கண்ணைக் கட்டிடுங்க. எது வேற டீன்னு மட்டும் அவன் சொல்லணும். கூட இருக்கறவங்க மூச்! குருட்டாம்போக்குல சொன்னாலே மூணுல ஒரு தடவை சரியா வரும். அதனால ஒரு ரவுண்டோட விடாதீங்க. நாலு ரவுண்டும் குத்துமதிப்பா சரியாச் சொல்ல 81-ல் ஒரு வாய்ப்புதான். நாலும் கரெக்ட்னா, அவனுக்கு நாக்கு இருக்குன்னு ஒத்துக்குங்க!

நாலும் தப்பாச்சுன்னா? அங்கதான் நிஜமான பரீட்சை. 'டீ ஆறிப்போச்சு'ன்னு சமாளிக்கிறானா, 'அட, இவ்வளவு நாள் பேரைத்தான் குடிச்சேனா!'ன்னு சிரிக்கிறானான்னு பாருங்க. அவனுக்கு அடுத்து நீங்களும் உட்காருங்க. ஃபேர் கேம் பாஸ்!

கடைசியா ஒண்ணு. 'எந்த காலேஜ்?'னு கேட்டு, பதிலைக் கேட்டதும் முகம் மாறின ஆளை நீங்க பார்த்திருப்பீங்க. வலிச்சிருக்கும். ரெஸ்யூமை ரெண்டாவது பக்கம் திருப்பாமலே வெச்சிருப்பாங்க. அப்போ நீங்கதான் லேபிள் ஒட்டின பாட்டில். ஆனா, பத்து வருஷம் கழிச்சு மேஜைக்கு அந்தப் பக்கம் நீங்க உட்காருவீங்க. உங்க முன்னாடி ஒரு கட்டு ரெஸ்யூம் இருக்கும். காலேஜ் பேர் இருக்கற அந்த ஒரு வரியைக் கையால மறைச்சுட்டு, மீதியைப் படிக்க உங்களால முடியுமா?

முடியும்னு நினைக்கிறவங்க இன்னிக்கே டீ டம்ளர்ல ஆரம்பிங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்!