ஜடை போடத் தெரியுமா? அப்படியானால் கேபிள் பின்னலும் வரும்!

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் பண்பொழியிலும் துணி காயாது, அப்பளம் காயாது. மலைக்காற்று ஜன்னல் வழியாக வந்து கைக்குழந்தையின் காதில்தான் முதலில் படும். பெட்டியின் அடியில் கிடக்கும் உல்லன் உருண்டையை நம் பெண்கள் தேடி எடுப்பது இந்தச் சமயத்தில்தான்.

நிட், பர்ல் இரண்டும் பழகிய சகோதரிகள்கூட கேபிள் டிசைனைப் பார்த்தால் பின்வாங்குகிறார்கள். எங்கள் தெருவில் ஆறு மாதக் குழந்தைக்காரி ஒருத்தி, “என்னத்த சித்தி, கயிறு திரிச்ச மாதிரி இருக்கு, எனக்கெல்லாம் வராது” என்றாள். “உன் தலைக்கு ஜடை போடுறியே, அதை யாரு கத்துக் குடுத்தா?” என்று கேட்டேன். விஷயம் அவ்வளவுதான். ஜடையில் ஒரு கால் இன்னொரு காலைத் தாண்டிப் போகிறது. கேபிளில் மூன்று கண்ணிகள் மற்ற மூன்று கண்ணிகளைத் தாண்டிப் போகின்றன.

தேவையானவை: நடுத்தரப் பருமனுள்ள வெளிர்நிற உல்லன் (கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணி தெரியாது), 8-ஆம் நம்பர் ஊசி ஒரு ஜோடி, ஒரு சிறிய கேபிள் ஊசி. 8-ஆம் நம்பர் என்பது 4 மில்லிமீட்டர். நம் கடைகளில் கிடைக்கும் பழைய கணக்கில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். கேபிள் ஊசி கிடைக்கவில்லையா? இருபக்கமும் கூரான குட்டை ஊசி போதும். அதுவும் இல்லாவிட்டால் வழவழப்பான கொண்டை ஊசியே உதவும்.

பழகுவதற்கு ஒரு சின்னத் துண்டு போடுவோம். 18 கண்ணிகள் ஏற்றிக்கொள்ளுங்கள்.

1-ஆம் வரிசை: 6 பர்ல், 6 நிட், 6 பர்ல்.
2-ஆம் வரிசை: 6 நிட், 6 பர்ல், 6 நிட்.
3-ஆம் வரிசை முதல் வரிசை போல. 4-ஆம் வரிசை இரண்டாவது போல.
5-ஆம் வரிசை: 6 பர்ல் போடுங்கள். அடுத்த 3 கண்ணிகளைப் பின்னாமல் கேபிள் ஊசிக்கு மாற்றி, முன்பக்கம் தொங்க விடுங்கள். இடதுகை ஊசியிலிருந்து 3 நிட் போடுங்கள். பிறகு கேபிள் ஊசியில் காத்திருக்கும் 3 கண்ணிகளையும் நிட் போடுங்கள். கடைசியில் 6 பர்ல்.
6-ஆம் வரிசை: இரண்டாவது போல.

இந்த ஆறு வரிசைகளையும் திரும்பத் திரும்பப் போட்டால் கயிறு எழும்பி வரும். கேபிள் ஊசியை முன்னால் விட்டால் முறுக்கு இடப்பக்கம் சாயும். பின்னால் விட்டால் வலப்பக்கம் சாயும். இருபுறமும் உள்ள பர்ல் கண்ணிகள் பள்ளமாக நிற்பதால்தான் நடுவில் உள்ளது மேடாகத் தெரிகிறது.

சில யோசனைகள்: பர்லிலிருந்து நிட்டுக்குப் போகும்போது நூலை இரண்டு ஊசிகளுக்கும் நடுவே பின்னால் கொண்டுபோங்கள்; ஊசிமேல் சுற்றினால் ஒரு கண்ணி கூடிவிடும். வரிசைக்கு ஒரு கோடு தாளில் போட்டு வையுங்கள். அடுப்பில் பால் பொங்கினால் எழுந்து போய் வந்தாலும் கணக்குத் தப்பாது. பத்துப் பன்னிரண்டு வரிசைக்கு ஒருமுறை, எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் வேறு நிற நூலைக் கோத்து விடுங்கள். எங்கே பிசகினாலும் அந்த நூல்வரைதான் பிரியும். முறுக்கு, துணியை உள்ளே இழுக்கும். ஆகவே வெற்றுப் பின்னலுக்குப் போடும் எண்ணிக்கை கேபிளுக்குப் போதாது; உல்லனும் கூடுதலாகச் செலவாகும். பழகுதுண்டைத் துவைத்து, அளந்து பார்த்துவிட்டே பெரிதாகத் தொடங்குங்கள். அரைமணிக்கொரு தடவை மணிக்கட்டுக்கும் கண்ணுக்கும் ஓய்வு வேண்டும்.

குழந்தைக்குப் பின்னுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உறுத்தாத, மென்மையான நூலாக எடுங்கள். கழுத்தில் கட்டும் நீள நாடாவும், பிய்ந்து வரக்கூடிய பொத்தானும் வேண்டவே வேண்டாம். வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பியைக் கழற்றிவிடுங்கள். பச்சைக் குழந்தைகளின் உடல்சூடு தலை வழியாகவும் தணியும். முகத்தின்மேல் தொப்பி சரிந்தாலும் ஆபத்து. குறை மாதக் குழந்தைக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் டாக்டர் சொல்வதே கணக்கு.

“இதெல்லாம் கடையில சல்லிசாக் கிடைக்குதே, எதுக்குக் கண்ணைக் கெடுத்துக்கிறே?” என்று அந்தப் பெண்ணிடம் வீட்டில் கேட்டார்களாம். நம்மில் பலர் கேட்கிற பேச்சுத்தானே! கைவேலை என்றால் பொழுதுபோக்கு என்கிற நினைப்பு. ஆனால் நம் பக்கத்துச் சரித்திரம் வேறு சொல்கிறது. 1820 வாக்கில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் போடக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா, கால்டுவெல்லை 1844-இல் மணந்து நம் நெல்லைச் சீமையின் இடையன்குடிக்கு வந்து, அங்கும் அதே வேலையைப் பரப்பினார். அந்த லேஸுக்கும் அடிப்படை நூலை நூலின்மேல் தாண்டவிட்டு முறுக்குவதுதான். நாகர்கோவிலில் அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் லேஸ் விற்ற காசைக் கொடுத்துத் தங்களையே மீட்டுக்கொண்டதாக மிஷன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். கேபிள் ஸ்வெட்டருக்குப் பேர்போன அயர்லாந்தின் ஆரன் தீவுப் பெண்களும் பின்னி விற்றுத்தான் குடும்பத்துக்குக் கை கொடுத்தார்கள்.

ஆகவே சகோதரிகளே, உல்லன் வாங்கிய விலையையும், உட்கார்ந்த நேரத்தையும் அதே கணக்குத் தாளின் பின்பக்கம் எழுதி வையுங்கள். உங்கள் குழந்தைக்கென்றால் அது உங்கள் ஆசைக்கு. அடுத்த வீட்டுக்காரர் “எனக்கும் ஒண்ணு போட்டுத் தாயேன்” என்று கேட்டால், அந்தத் தாளைப் பார்த்து விலை சொல்லக் கூச்சப்படாதீர்கள்.