குழந்தை உடம்பில் ஜாதிக் கயிறா?

"அந்தக் காலத்துப் பிள்ளைகள் அரைஞாண் கயிற்றோடு ஆனந்தமாய் ஓடி விளையாடின, வெள்ளைக்காரன் வந்து சட்டையை மாட்டி நம் வழக்கத்தைக் கெடுத்துவிட்டான்" என்று பழம்பெருமைக்காரர்கள் சிலர் பேசித் திரிகின்றார்கள். வெயில் நாட்டில் சிறு பிள்ளை சட்டையின்றித் திரிவதில் நமக்கு ஆட்சேபணையில்லை. அந்தப் பிள்ளைக்குத் துணி இல்லாமற் போனது வெயிலினாலா, ஜாதியினாலா என்பதே நமது கேள்வியாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பணக்கார வீட்டுப் பெண் குழந்தையின் அரையில் வெள்ளி அரைமூடி தொங்கிற்று. ஏழைக் குழந்தைக்குக் கறுப்புக் கயிறும் தாயத்துமே கதி. நெல்லைச் சீமையில் பருத்திக்குப் பஞ்சமா? 1880களில் பாபநாசத்தில் தாமிரபரணி நீரின் வேகத்தைக் கொண்டே ஹார்வி பஞ்சாலை நூல் நூற்கத் தொடங்கிவிட்டது. கோவிலிலிருந்த கற்சிலைக்குப் பட்டும் பீதாம்பரமும் சாத்தப்பட்டன. வயலில் மாடு மேய்த்த குழந்தைக்கு ஒரு முழத் துணி சாத்த எந்தச் சாமியாவது முன்வந்ததா?

இது நிற்க. துணி வாங்கக் காசிருந்தவர்களாவது உடுத்த முடிந்ததா? நமக்குத் தெற்கே, அன்று திருவிதாங்கூர் ராஜ்யத்திலிருந்த கல்குளம், விளவங்கோட்டுப் பகுதிகளில் நாடார் பெண்கள் மார்பை மூடிய குற்றத்திற்காக 1822 முதல் அடிபட்டார்கள். அவர்கள் துணி கிழிக்கப்பட்டது. 1859-இல்தான் ராஜா விளம்பரம் வெளியிட்டு நாடார் பெண்கள் எல்லோரும் ரவிக்கை அணிய அனுமதித்தார். அதிலும் 'மேல்ஜாதிப் பெண்களைப் போல் உடுத்தலாகாது' என்று ஒரு முட்டுக்கட்டை! அதற்குப் பின் பிறந்த பெண் குழந்தைகள்தாம் எல்லோருமே மார்பை மூடிக்கொள்ளும் உரிமையோடு வளர்ந்த முதல் தலைமுறையாவர். அதையும் முழு உரிமை என்று எப்படிச் சொல்வது?

நெல்லைச் சீமையில் இடையன்குடியில் 1844 முதல் கால்டுவெல் பாதிரியாரின் மனைவி எலிசா பெண் பிள்ளைகளுக்குப் படிப்பும் லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். பாதிரிமார் மதத்துக்கு ஆள் சேர்க்க வந்தவர்களே என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் ஊசியும் நூலும் புத்தகமும் அவர்கள் கையிலிருந்து வந்தபோது, நம் சாஸ்திரிகள் கையிலிருந்து வந்தது என்ன? தீட்டுக் கணக்குத்தானே?

"அதெல்லாம் பழங்கதை" என்பீர்களோ? 1930 டிசம்பரில் பக்கத்து இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர்க்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, சட்டை பனியன் போடக் கூடாது, பெண்கள் ரவிக்கையும் தாவணியும் அணியக் கூடாது என்றார்கள். மறு வருஷம் ஜூனில் தடைகள் பதினொன்றாயின. ஆதிதிராவிடப் பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதார் மாட்டைத்தான் மேய்க்க வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். துணியைத் தடுத்த கைதான் புத்தகத்தையும் தடுத்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இன்று சர்க்கார் பள்ளியில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சீருடை. சட்டையைப் பார்த்து ஜாதி சொல்ல முடியாத நிலை வந்தது. அது பொறுக்கவில்லை சிலருக்கு! சட்டையில் இடமில்லாத ஜாதியை மணிக்கட்டில் வண்ணக் கயிறாகக் கட்டியனுப்புகின்றார்கள். 2019-இல் பள்ளிக்கல்வித் துறை இதைத் தடுக்கச் சுற்றறிக்கை விட்டதும், 'மதத்தில் கைவைக்கிறார்கள்' என்று கூச்சல் கிளம்பிற்று. 2023 ஆகஸ்டில் நாங்குனேரியில் பள்ளி மாணவர்களே தம்மோடு படித்த ஒரு தாழ்த்தப்பட்ட மாணவரை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். பின்னர் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகிய எல்லா ஜாதி அடையாளங்களையும் பள்ளியில் தடைசெய்ய வேண்டுமென்று 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது.

தோழர்களே! அன்று ஜாதி நம் குழந்தைகளின் துணியைப் பிடுங்கிற்று. பிடுங்கினவன் வேறொருவன், எதிர்த்து நிற்க முடிந்தது. இன்று அந்தக் கயிற்றைக் கட்டுகின்ற கை யாருடையது? பெற்றவர்களுடையதல்லவா? சர்க்கார் உத்தரவு வரட்டும் என்று ஏன் காத்திருக்க வேண்டும்? நாளைக் காலை பிள்ளைக்குச் சீருடை மாட்டும்போது மணிக்கட்டையும் பாருங்கள். கயிறு இருந்தால் அறுத்தெறியுங்கள். அதற்குச் சட்டமும் வேண்டாம், சாமியும் வேண்டாம். கத்தரிக்கோல் ஒன்று போதும்.