வழக்கறிஞரின் சிரிப்பும் அரசியல் சட்டமும்

வழக்கறிஞர் என்றதும் கறுப்பு அங்கி, கனத்த கோப்பு, கடுத்த முகம் என்ற சித்திரமே பலருடைய மனத்தில் தோன்றும். அந்தச் சித்திரத்துக்கு அடங்காதவர்களும் தலைநகரின் நீதிமன்றங்களில் இருந்திருக்கிறார்கள். அவர்களுள் முதன்மையானவர் சோலி சொராப்ஜி. இருமுறை நாட்டின் அட்டர்னி ஜெனரலாகப் பதவி வகித்த அவர், 2021 ஏப்ரல் 30-ம் தேதி கரோனா தொற்றால் தமது 91-வது வயதில் தில்லியில் காலமானார். அப்போது வெளியான இரங்கல் குறிப்புகள் அவர் வாதாடிய வழக்குகளை மட்டுமல்ல, அவரது ஜாஸ் இசைப் பித்தையும் மறவாமல் குறிப்பிட்டன.

ஆங்கில நாளிதழ் ஒன்றில் அவர் ஒரு பத்தி எழுதி வந்தார். நாடகத்தில் பாத்திரம் தனக்குத் தானே பேசிக்கொள்வதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் தமது பெயரைப் பொருத்தி, அந்தப் பத்திக்குச் சிலேடையாகத் தலைப்பிட்டிருந்தார். தலைப்பே வாசகரைச் சிரிக்க வைத்துவிடும். சட்டம், கவிதை, இசை, தொழில் நண்பர்களின் விசித்திரங்கள் என எதுவும் அந்தப் பத்திக்கு விலக்கல்ல. மனு எழுதுகிறவர்களின் மொழியிலிருந்து தப்பித்து வந்த ஒருவரின் மொழி அது. ஒரு வரியில் சொல்ல வேண்டியதை "மேற்படி, முற்கூறிய, இதன்கீழ்" என்று ஒன்பது வரிகளில் சொல்வதுதானே வழக்குரைக்கும் மொழி!

ஜாஸ் இசைக்கும் சட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஜாஸில் அடிப்படை மெட்டு ஒன்று உண்டு. அதன் எல்லைக்குள் நின்று கலைஞர் அந்தக் கணத்தில் தோன்றுவதை வாசிக்கிறார். நம்முடைய கற்பனை ஸ்வரத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. வழக்கறிஞருக்கும் அரசியல் சட்டப் பிரிவும் முந்தைய தீர்ப்புகளும் வரையறுக்கப்பட்டவை. ஆனால், இரவெல்லாம் தயாரித்த வாதத்தை நீதிபதி ஒரே கேள்வியில் கலைத்துவிட்டால், எழுதி வைத்த காகிதம் உதவாது. தில்லியில் ஜாஸ் விழாக்கள் நடைபெறப் பெரிதும் துணை நின்ற ஒருவர், நீதிமன்றத்தில் அந்தக் கேள்விகளுக்கு அஞ்சாதவராக இருந்ததில் வியப்பில்லை.

விளையாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. ராம் ஜெத்மலானி முதிய வயதிலும் பாட்மின்டன் மட்டையைக் கீழே வைக்கவில்லை. தில்லி கிரிக்கெட் சங்கத்தின் தலைவராக நீண்ட காலம் இருந்த அருண் ஜேட்லி, சட்டப் பிரிவுகளை ஒப்பிப்பதுபோலவே பழைய ஆட்டங்களின் விவரங்களையும் ஒப்பிப்பார். மற்ற தொழில்களில் இருவரும் வெல்ல வழியுண்டு. வழக்காடும் தொழிலில் அது கிடையாது. தீர்ப்பு வரும் ஒவ்வொரு வழக்கிலும் ஒருவர் தோற்றே ஆக வேண்டும். தோற்ற பின் எதிராளியின் கையைக் குலுக்கிவிட்டு மறுநாள் அதே களத்துக்கு வரும் மனப்பான்மையை விளையாட்டைவிடச் சிறப்பாகக் கற்றுத் தரும் பள்ளி வேறில்லை. சிரிக்கத் தெரியாதவரால் தோல்வியைத் தாங்க முடியாது. தோல்வியைத் தாங்க முடியாதவரால் ஜனநாயகத்தில் நீடிக்கவும் முடியாது.

இவையெல்லாம் பெரிய மனிதர்களின் பொழுதுபோக்குகள், நாட்டுக்கு இவற்றால் என்ன பயன் என்று ஒதுக்கிவிட முடியாது. சொராப்ஜியின் வாழ்க்கையே அதற்குச் சான்று. அவசர நிலைக் காலத்தில் பத்திரிகைத் தணிக்கைச் சட்டங்கள் குறித்து 1976-ல் நூல் எழுதியவர் அவர். நாட்டின் புகழ்பெற்ற கேலிச்சித்திர இதழான "சங்கர்ஸ் வீக்லி", அவசர நிலை அறிவிக்கப்பட்ட இரண்டே மாதங்களில், 1975 ஆகஸ்டில், நின்றுபோனது. சர்வாதிகாரத்துக்குச் சிரிப்பு பிடிக்காது என்பதை இந்தியா நேரில் கண்ட காலம் அது.

அடுத்த சோதனை ஜனநாயகம் நன்றாக நடந்துகொண்டிருந்தபோதே வந்தது. 2012 ஏப்ரலில், முதல்வர் மம்தா பானர்ஜி பற்றிய கேலிச்சித்திரம் ஒன்றை மின்னஞ்சலில் பகிர்ந்ததற்காக ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் கைது செய்யப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் கேலிச்சித்திரக்காரர் அசீம் திரிவேதி மும்பையில் கைதானார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவு இந்த இரு வழக்குகளிலும் பயன்படுத்தப்பட்டது. அந்தப் பிரிவை எதிர்த்துச் சட்ட மாணவி ஷ்ரேயா சிங்கால் தொடுத்த வழக்கில், அவருக்காக உச்ச நீதிமன்றத்தில் எழுந்து நின்றவர் எண்பது வயதைக் கடந்திருந்த சொராப்ஜி. 2015 மார்ச் 24-ம் தேதி அந்தப் பிரிவு செல்லாது எனத் தீர்ப்பளிக்கப்பட்டது.

ஆயினும், ஜாதவ்பூர் பேராசிரியர் வழக்கிலிருந்து விடுபட 2023 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு கேலிச்சித்திரத்துக்கு ஏறத்தாழ 11 ஆண்டுகள்! ரத்தான பிரிவின் கீழ் போலீஸார் தொடர்ந்து வழக்குப் பதிவதை அறிந்து 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது. இறந்துபோன சட்டம் பணிக்கு வருவது நம் நாட்டில் மட்டுமே நடக்கக் கூடிய நகைச்சுவை.

காவல் துறையை மட்டும் குறை கூறுவது நியாயமல்ல. சட்டம் இயற்றும் மன்றங்களே சிரிப்பைக் கண்டு முகம் சுளித்திருக்கின்றன. பள்ளிப் பாடநூலில் இடம்பெற்ற, சங்கர் 1949-ல் வரைந்த கேலிச்சித்திரம் ஒன்று, அம்பேத்கரை அவமதிப்பதாகக் கூறி 2012 மே மாதம் நாடாளுமன்றத்தில் அமளி ஏற்பட்டது. கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்கள் கண்டித்தனர். அன்றைய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல் வருத்தம் தெரிவித்து, அதை நீக்குவதாக அறிவித்தார். அவரும் மூத்த வழக்கறிஞர்; கவிதைத் தொகுப்பு வெளியிட்டவர் என்பது கவனிக்கத்தக்கது.

தமிழக வாசகர்களுக்கு இதைவிடப் பழைய நினைவு ஒன்று உண்டு. அட்டைப்பட நகைச்சுவை ஒன்றுக்காக 1987 ஏப்ரலில் ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டப்பேரவை மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. எதிர்ப்பு வலுத்ததால் ஓரிரு நாள்களில் அவர் விடுவிக்கப்பட்டார். பின்னர் நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் இழப்பீடு அளிக்க உத்தரவிட்டது. தொகை சிறிது, அதில் அடங்கிய கண்டனம் பெரிது.

இந்த நோய் எந்த ஒரு கட்சிக்கும் சொந்தமானதல்ல. மேற்கு வங்கத்தில் திரிணமூல், மகாராஷ்டிரத்தில் காங்கிரஸ் கூட்டணி, தமிழகத்தில் அதிமுக என ஆட்சிகள் மாறினாலும் முகச்சுளிப்பு மாறவில்லை. பாஜக ஆளும் மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் நகைச்சுவைக் கலைஞர் முனாவர் ஃபரூக்கி 2021 புத்தாண்டு நாளில் கைது செய்யப்பட்டு, உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் வழங்கும் வரை ஒரு மாதத்துக்கும் மேல் சிறையில் இருந்தார். நீதித் துறையும் விதிவிலக்கல்ல. நீதிமன்றத்தைக் கேலி செய்த சமூக வலைதளப் பதிவுகளுக்காக நகைச்சுவையாளர் குணால் கம்ராவுக்கு 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவமதிப்பு நோட்டீஸ் அனுப்பியது.

மறுதரப்பு வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பிறந்த ஜாதியையும் மதத்தையும் உடல் குறையையும் கேலி செய்வது நகைச்சுவையாகாது, அது வன்மம். அம்பேத்கர் சித்திரத்தை எதிர்த்தவர்களில் பலர், தலைமுறைகளாகக் கேலிக்கு இலக்கானவர்களின் வலியைச் சுமந்தே பேசினர். ஆனால், வலிக்கு மறுப்பும் விவாதமும் மருந்தாகலாம், கைவிலங்கு மருந்தாகாது. அதிகாரத்தில் உள்ளவர்களோ, வலியின் பெயரால் தங்கள் சங்கடத்தை மறைத்துக் கொள்கிறார்கள். இந்த வேறுபாட்டைப் பிரித்தறிவதுதான் சட்டத்தின் வேலை.

அதற்கு வழிகள் உண்டு. நாடாளுமன்ற, சட்டப்பேரவைச் சிறப்புரிமைகளைச் சட்டமாக வரையறுக்க அரசியல் சட்டத்தின் 105, 194-வது பிரிவுகள் இடமளிக்கின்றன. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தச் சட்டம் இயற்றப்படவில்லை. எது குற்றம் என்று முன்கூட்டியே சொல்லாமல் தண்டிக்கும் அதிகாரத்தை எந்த அவையும் எளிதில் விட்டுத் தர விரும்புவதில்லை. நீதிமன்றத்தின் மதிப்பைக் குலைத்தல் என்ற குற்றத்தை, அது தோன்றிய இங்கிலாந்தே 2013-ல் கைவிட்டது. இந்தியாவில் 1971-ம் ஆண்டுச் சட்டத்தில் அது இன்னும் தொடர்கிறது. மாநிலங்களவை உறுப்பினர் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கவிதையும் அங்கதமும் மேடை நகைச்சுவையும் மனித வாழ்வைப் பொருளுள்ளதாக்குகின்றன என்ற கருத்தை வலியுறுத்தியது. அந்தத் தீர்ப்பு ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் சென்று சேர வேண்டும்.

பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் மைய மண்டபத்தில் ஆளும் கட்சியினரும் எதிர்க்கட்சியினரும் செய்தியாளர்களும் ஒரே மேஜையில் காபி அருந்திச் சிரித்த காலம் உண்டு. அவையில் மோதியவர்கள் அங்கே சமாதானமானார்கள். ஜேட்லியின் பேச்சைக் கேட்க அங்கு எப்போதும் ஒரு வட்டம் கூடும். 2023-ல் பயன்பாட்டுக்கு வந்த புதிய கட்டடத்தில் மைய மண்டபம் கிடையாது. அவை அமளியால் முடங்கினால் உறுப்பினர்களுக்குப் படி இல்லை என்று 2004-ல் தனிநபர் மசோதா கொண்டு வந்த நியமன உறுப்பினர் ஃபாலி நாரிமனும் இன்று இல்லை. அந்த மசோதா சட்டமாகவில்லை. படியை இழக்கும் மசோதாவுக்கு உறுப்பினர்களே வாக்களிப்பார்கள் என எதிர்பார்த்ததுதான் அந்த மூத்த வழக்கறிஞரின் ஆகச் சிறந்த நகைச்சுவையோ என்னவோ!

கட்டடத்தை மாற்றலாம், மேஜைகளை அகற்றலாம். தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கும் துணிவை அவையும் நீதிமன்றமும் இழந்துவிட்டால், மக்கள் சிரிக்கும் ஓசை மட்டுமே மிஞ்சும். அதை எந்த அவைக்குறிப்பிலிருந்தும் நீக்க முடியாது.