பட்டாளம் காலி செய்த இடத்தில் குடித்தனம்

"நாலு வயசுப் பையனைக் கீழே விளையாட அனுப்பினால், அவன் திரும்பி வரும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. ஓயாமல் வண்டிகள். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. யாரிடம் ஒரு நிமிஷம் பார்த்துக்கொள்ளச் சொல்வது?" என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இதே கவலையோடு இன்னொரு தேசத்தில் சில குடும்பங்கள் ஒன்றுகூடி ஒரு காரியம் செய்தார்கள். அதைச் சொன்னால் உபயோகமாக இருக்கும் என்று தோன்றுகிறது.

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் ஃபிரைபர்க் என்று ஓர் ஊர். அதன் ஓரத்தில் 1930களில் ஜெர்மன் ராணுவம் பெரிய படைமுகாம் ஒன்றைக் கட்டியது. யுத்தம் முடிந்ததும் பிரெஞ்சுப் பட்டாளம் அங்கே குடியேறி, தங்கள் நாட்டுக் கோட்டை நிபுணர் வோபானின் பெயரை அதற்குச் சூட்டியது. 1992-ல் அவர்களும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். சுமார் 38 ஹெக்டேர், அதாவது தொண்ணூறு ஏக்கருக்கு மேல், நிலம் மிஞ்சியது.

இப்படி ஓர் இடம் கிடைத்தால் சாதாரணமாக என்ன நடக்கும்? பெரிய கம்பெனி ஒன்று மொத்தமாக வாங்கும், எல்லாவற்றையும் இடிக்கும், தீப்பெட்டி அடுக்கினாற்போல் கட்டி விற்கும். ஃபிரைபர்க் நகரசபை அப்படிச் செய்யவில்லை. நிலத்தின் பெரும்பகுதியைத் தானே வாங்கி, சின்னச் சின்ன மனைகளாகப் பிரித்து, சேர்ந்து வீடு கட்டிக்கொள்ள முன்வந்த குடும்பங்களின் குழுக்களுக்கு முதலிடம் கொடுத்தது. பத்துப் பதினைந்து குடும்பங்கள், சில குழுக்களில் அதற்கும் குறைவு. ஒன்றாகப் பணம் போட்டு, தாங்களே ஒரு கட்டடக் கலைஞரை அமர்த்தி, ஒரே கட்டடமாகக் கட்டிக்கொண்டார்கள். நடுவில் லாபம் பார்க்கிறவர் இல்லாததால் செலவும் குறைந்தது. என்னைக் கேட்டால், லாபம் பணத்தில் மட்டும் இல்லை. அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே எதிர்வீட்டுக்காரி யார், அவளுக்கு எத்தனை குழந்தை, அவளுக்கு என்ன பிடிக்காது என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறதே!

"அப்படியானால் கூட்டுக் குடும்பமா? நமக்கு வேண்டாமம்மா!" என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. இல்லை. கதவு தனி, சமையலறை தனி, கணக்கு வழக்கும் தனி.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். இன்று சுமார் ஐயாயிரத்து ஐந்நூறு பேர் வாழும் வோபானில், பெரும்பாலான குடியிருப்புத் தெருக்களில் வீட்டு வாசலில் காரை நிறுத்த முடியாது. சாமான் இறக்க வரலாம், அதுவும் நடக்கிற வேகத்தில்தான். இறக்கியதும் குடியிருப்பின் ஓரத்திலுள்ள அடுக்குமாடி நிறுத்தகத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். அந்த இடத்துக்கு வீட்டு விலையோடு சேராத தனி விலை. கார் வேண்டாம் என்கிற குடும்பம் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்தச் செலவே மிச்சம். 2006-ல் டிராம் வண்டி குடியிருப்புக்குள்ளேயே வந்துவிட்டது. ஆக, தெரு குழந்தைகளுக்குக் கிடைத்தது. சாக்கட்டியால் கோடு போடவும், மூன்று சக்கர சைக்கிள் ஓட்டவும் வாசல் போதும். தாய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் சரி.

அந்த ஜன்னல் எங்கே இருக்க வேண்டும் என்பதைத்தான் நான் ரொம்ப ரசித்தேன். இப்படிச் சேர்ந்து வாழும் குடியிருப்பை முதலில் யோசித்தவர்கள் டென்மார்க்காரர்கள். 1967-ல் போடில் கிரா என்ற பெண்மணி, ஒரு குழந்தைக்கு நூறு பெற்றோர் வேண்டும் என்று ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார். படித்த குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தன. 1972-ல் 27 வீடுகளோடு சேட்டடாமென் என்ற குடியிருப்பு எழுந்தது. அந்த வழியில் வந்தவர்கள் வழக்கமாகக் கடைப்பிடிக்கும் முறை இது: சமையலறை ஜன்னல் பொது நடைபாதையைப் பார்த்து இருக்கும். தனிமை வேண்டிய அறைகள் பின்பக்கம். எல்லாருக்கும் பொதுவாக ஒரு வீடு. அதில் பெரிய சமையலறை, சாப்பாட்டுக் கூடம், குழந்தைகள் அறை, துணி துவைக்க இடம். வெளியே போய்விட்டு வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் தங்கள் வீட்டுக்குப் போக வேண்டும். போகிற வழியில் நாலு முகம் கண்ணில் பட்டுவிடும். வாரத்தில் சில நாள் இரவுச் சாப்பாடு அங்கே. சமையல் முறை வைத்து, ஆண்களுக்கும் உண்டு! ஒருநாள் முப்பது பேருக்குக் கரண்டி பிடித்தால், அடுத்த முறை வரும்வரை அந்த நாட்களில் சாயங்காலம் அடுப்பைப் பற்றிய நினைப்பே வேண்டாம். காலில் குழந்தையைக் கட்டிக்கொண்டு ராத்திரி டிபனுக்கு என்ன செய்வது என்று தவிப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வோபானில் பழசை முழுக்கத் துடைத்துவிடவில்லை. முகாமின் பெரிய மரங்களை முடிந்தவரை காப்பாற்றினார்கள். சிப்பாய்கள் தங்கிய கட்டடங்களில் நாலை, சேர்ந்து வாழ விரும்பிய ஒரு குழுவினர் எடுத்து, தாங்களே கையால் வேலை செய்து குறைந்த வாடகை வீடுகளாக்கினார்கள். இன்னும் சில, மாணவர் விடுதிகளாயின. அதிகாரிகள் சாப்பிட்டுக் களித்த மண்டபம் இப்போது அக்கம்பக்கத்தார் கூடும் பொது இல்லம். அதன் முன்னால் உள்ள சதுக்கத்தில் வாரச் சந்தை கூடுகிறது.

எல்லாம் சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். இந்த மாதிரிக் குழுக்களில் கூட்டம், கூட்டத்துக்கு மேல் கூட்டம். மாடிப்படி எங்கே, சைக்கிள் கொட்டகை எங்கே, சுவருக்கு என்ன நிறம் என்று பேசிப் பேசியே மாதக் கணக்கில் போகும். பொறுமை இழந்து பாதியில் விலகுகிறவர்கள் உண்டு. வோபானில் இன்னொரு குறை என் மனசை உறுத்துகிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு என்று முதலில் எண்ணிய அளவு வீடுகள் அங்கே அமையவில்லை. அரசாங்க உதவி சுருங்கியதால் நினைத்ததைவிட மிகக் குறைவாகவே கட்ட முடிந்தது. படித்த, வசதியுள்ள குடும்பங்கள்தான் அதிகம் வந்து சேர்ந்தன. கைக்குழந்தையோடு வாடகைக்கு அல்லாடும் பெண்ணுக்குத்தானே நல்ல அக்கம்பக்கம் முதலில் வேண்டும்?

கடைசியாக, தாய்மார்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. பட்டாளமோ, பட்டறையோ, பழைய தொழிற்சாலையோ இருந்த மண்ணில் எண்ணெய், பெயின்ட், ஈயம் ஊறியிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது. கையை வாயில் வைக்கும் வயசுக் குழந்தைகளுக்கு ஈயம் மிகக் கெடுதல். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே அதற்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் இப்படிப்பட்ட இடத்தில் வீடு வாங்கப் போகிறீர்கள் என்றால், முன்பு அங்கே என்ன நடந்தது, மண்ணைப் பரிசோதித்தார்களா, அந்த அறிக்கை எங்கே என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஏற்கெனவே குடியிருக்கிறீர்களா? செருப்பை வாசலுக்கு வெளியே விடுங்கள். விளையாடிவிட்டு வந்ததும், சாப்பிடும் முன்பும் குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தரையைப் பெருக்கித் தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள். கீரை, தக்காளி போடுவதானால் அந்த மண்ணில் வேண்டாம். வெளியிலிருந்து நல்ல மண் வாங்கித் தொட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் சொல்லிக் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.