பலகை பார்த்து வாங்குவோம்

கோடை விடுமுறையிலும் பிள்ளைகளைக் கணக்கு வகுப்புக்கு அனுப்பும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு அவர்களை மரக்கடைக்கும் அழைத்துச் செல்லுங்கள்.

ஒன்ராறியோவின் பீற்றர்பரோ நகர் கனூ என்னும் சிறுபடகுக்குப் புகழ்பெற்றது. அச்சுச் சட்டங்களின்மேல் மெல்லிய மரக்கீற்றுகளை ஒன்றோடொன்று ஒட்டி, அப்படகை வீட்டுக் கொட்டகையிலேயே கட்டலாம். அறுத்த கீற்றுகள் விலைக்குக் கிடைக்கும். ஆயினும் பலகையை நாமே தேர்ந்து வாங்குவதே நன்று என்பேன். பிரிட்டிஷ் கொலம்பியாவின் சிவப்புச் சீடார் எடை குறைந்தது. எளிதில் உளுத்துப் போகாது. கணு இருந்தால் கீற்று வளைக்கும்போது ஒடியும். ஆகவே ஒவ்வொரு பலகையையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும். கணுவற்ற நீண்ட பலகை விலை கூடியது. குறுகியவற்றைச் சாய்வாகச் சீவி ஒட்டியும் நீளமாக்கலாம்.

6 அங்குலப் பலகையில் கால் அங்குலக் கீற்றுகள் எத்தனை? 24 என்பான் பிள்ளை. கடையில் 6 அங்குலம் எனப்படும் சீவிய பலகை உண்மையில் ஐந்தரை அங்குலமே. ஒவ்வொரு வெட்டிலும் வாள் அரைக்கால் அங்குலத்தைத் தூளாக்கிவிடும். 15க்கு மேல் கிடையாது! எந்த வகுப்பில் இக்கணக்கைப் படிப்பான்?

தச்சுவேலை படியாதவர்க்கே உரியது என்னும் எண்ணத்தை நாம் ஊரிலேயே விட்டு வந்திருக்க வேண்டும்.

வாளைப் பெரியவர்களே இயக்குக. சீடார்த் தூள் மூச்சுக்குழலுக்குத் தீங்கானது. முகக்கவசமின்றி எவரும் அருகே நிற்கலாகாது.